கடைக்கோடி வீட்டுக் குழாய்

2019 அக்டோபர் 2, காந்தி பிறந்து 150 ஆண்டுகள் நிறைந்த நாள். அன்று ஊரக இந்தியா திறந்தவெளியில் மலம் கழிக்கும் பழக்கம் அற்றதாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில், 2019க்கும் 2021க்கும் இடையில், தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று நடந்தது. நாட்டில் 19 விழுக்காடு குடும்பங்கள் எந்தக் கழிப்பறையையும் பயன்படுத்துவதில்லை என்று அதில் பதிவானது. ஊரகப் பகுதிகளில் மட்டும் 26 விழுக்காடு.

இரண்டும் அரசே சொன்னவைதான். முதல் அறிவிப்புக்குப் பின்னால் இருந்தது, கட்டி முடித்த கழிப்பறைகளின் கணக்கு. இரண்டாவது, வீடு வீடாகப் போய் இந்த வீட்டில் இருப்பவர்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்டுப் பெற்றது. கேள்வி மாறியதும் விடையும் மாறிவிட்டது. விடை மாறினால் திட்டமும் மாறும். கட்டடத்தை எண்ணும் மாவட்டம் மேலும் கட்டடம் கட்டும். பயன்பாட்டைக் கேட்கும் மாவட்டம், கட்டிய கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, குழி நிரம்பிவிட்டதா, கதவு இருக்கிறதா என்று பார்க்கப் போகும். எதை அளக்கிறோமோ அதற்குத்தான் பணம் போகிறது. அதனால்தான் குடிநீர், கழிப்பிடம், சுகாதாரப் பழக்கம் ஆகிய மூன்றையும் ஒரு மாவட்டம் எப்படி அளக்க வேண்டும் என்பது, குமாஸ்தா வேலையாக ஒதுக்கிவிட முடியாத அறிவியல் கேள்வியாகிறது.

உலக அளவில் இந்தக் கணக்கை வைத்திருப்பது, உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 1990 முதல் சேர்ந்து நடத்திவரும் கூட்டுக் கண்காணிப்புத் திட்டம். சேவையை உண்டு, இல்லை என்று இரண்டாகப் பிரிக்காமல், படிப்படியாக வைத்துப் பார்க்கிறது அது. கீழ்ப்படியில் ஆறு, குளம், வாய்க்கால் நீரை அப்படியே குடிப்பவர்கள். அடுத்து, மூடி இல்லாத கிணறு போன்ற பாதுகாப்பற்ற ஆதாரம். அதற்கு மேல், ஆதாரம் நல்லதுதான், ஆனால் போய் வரிசையில் நின்று பிடித்துத் திரும்ப அரை மணிக்கு மேல் ஆகும் என்ற நிலை. அரை மணிக்குள் முடிந்தால் அது அடிப்படைச் சேவை. எல்லாவற்றுக்கும் மேலே உள்ள படியை எட்ட மூன்று நிபந்தனைகள்: நீர் வீட்டு வளாகத்திலேயே கிடைக்க வேண்டும், தேவைப்படும்போது கிடைக்க வேண்டும், மலக்கிருமியும் தீங்கான வேதிப்பொருளும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இந்த மூன்று நிபந்தனைகளில் ஒரு கணிதச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஒரு மாவட்டத்தில் 90 விழுக்காடு வீடுகளில் குழாய் உண்டு, 90 விழுக்காடு வீடுகளுக்கு வேண்டிய நேரத்தில் நீர் வருகிறது, 90 விழுக்காடு வீடுகளில் நீர் சுத்தம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் சேர்ந்து கிடைக்கும் வீடுகள் எத்தனை? மூன்று குறைகளும் ஒரே வீடுகளில் குவிந்திருந்தால் விடை 90. ஒவ்வொரு குறையும் வெவ்வேறு வீடுகளில் இருந்தால் விடை 70. தனித்தனியாகத் திரட்டிய விழுக்காடுகளை வைத்துக்கொண்டு இந்த இரண்டு எல்லைகளுக்குள் எது உண்மை என்று சொல்லவே முடியாது. உலகக் கணக்கில் பல நாடுகளுக்கு வேறு வழி இல்லாததால், மூன்றில் எது குறைவோ அதையே விடையாக எடுத்துக்கொள்கிறார்கள். அது உண்மை நிலையின் மேல் எல்லை. ஒரு மாவட்டத்துக்கு அந்த நெருக்கடி கிடையாது. வீட்டு வாசலில் நின்று மூன்று கேள்விகளையும் ஒரே வீட்டில் கேட்க மாவட்டத்தால் முடியும். ஜெனீவாவிலும் நியூயார்க்கிலும் இருந்து செய்ய முடியாத வேலை இது. மாவட்ட அளவிலான மதிப்பீட்டின் பெரிய பலமே இதுதான்.

நம் நாட்டில் 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம், ஒவ்வோர் ஊரக வீட்டுக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குழாய்நீர் என்று இலக்கு வைத்தது. தொடங்கியபோது ஊரக வீடுகளில் சுமார் 17 விழுக்காட்டில்தான் குழாய் இணைப்பு இருந்தது. சில ஆண்டுகளிலேயே அது பல மடங்கு உயர்ந்தது. இது பெரிய சாதனை, அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் 2022இல் நாடு முழுவதும் மாதிரி எடுத்துச் செயல்பாட்டை மதிப்பிட்டபோது, போதிய அளவு, ஒழுங்கான விநியோகம், தரம் என எல்லாவற்றிலும் ஒருசேரத் தேறிய வீடுகள் ஏறத்தாழ 62 விழுக்காடுதான். தமிழ்நாடு நல்ல நிலையில் இருந்த மாநிலங்களில் ஒன்று. அதற்காக நாம் ஓய்ந்துவிட முடியாது. இங்கே சுமார் 12,500 ஊராட்சிகளும், அவற்றுக்குள் ஏறத்தாழ 79,000 குக்கிராமங்களும் இருக்கின்றன. மாநிலச் சராசரி நன்றாக இருக்கும்போதே ஆயிரக்கணக்கான குக்கிராமங்கள் வறண்டு கிடக்க இடமுண்டு.

சராசரி எப்படி ஏமாற்றும் என்பதை ஒரு தெருவிலேயே பார்த்துவிடலாம். ஒரு குக்கிராமத்துக்குப் போவோம். மேல்நிலைத் தொட்டி ஊருக்கு நடுவில். காலை ஆறரைக்கு டேங்க் ஆபரேட்டர் வால்வைத் திறக்கிறார்.

"எவ்வளவு நேரம் விடுவீங்கண்ணே?"

"முக்கால் மணி நேரம் தம்பி. அதுக்கு மேல விட்டா கீழத் தெருவுக்குத் தொட்டியில இருக்காது."

கையில் ஒரு பிளாஸ்டிக் குடமும் நேரம் பார்க்கக் கைப்பேசியும் போதும். குடம் 15 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். தொட்டியை ஒட்டிய வீட்டில் குடம் ஒரு நிமிடத்தில் நிரம்புகிறது. முக்கால் மணியில் 45 குடம், 675 லிட்டர். வீட்டில் நான்கு பேர் என்றால் ஆளுக்கு 169 லிட்டர். அதே குழாய்வழியில் மேட்டுத் தெருவின் கடைசி வீட்டுக்குப் போனால், குடம் நிரம்ப நான்கு நிமிடம் ஆகிறது. முக்கால் மணியில் 11 குடம், 165 லிட்டர், ஆளுக்கு 41. இரண்டு வீட்டின் சராசரியை எடுத்தால் ஆளுக்கு 105 லிட்டர் வருகிறது. இலக்கைப் போல ஏறத்தாழ இரு மடங்கு! அறிக்கையில் அந்த ஊர் தேறிவிடும். மேட்டுத் தெரு அக்கா மட்டும், "எங்க வீட்டுக்கு வர்றப்ப நூலாட்டம் தாம்ப்பா வருது" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அவர் சொல்வதுதான் சரியான அளவீடு. குழாயில் நீர் ஓடும்போது உராய்வில் அழுத்தம் குறைந்துகொண்டே போகிறது. வழியில் உள்ள வீடுகள் எடுக்க எடுக்க மேலும் குறைகிறது. மேட்டில் ஏறும் ஒவ்வொரு மீட்டருக்கும் அதே உயரத்துக்கான அழுத்தம் கழிகிறது. நடுவில் யாராவது குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சினால் அதற்கு அப்பால் உள்ள வீடுகளுக்கு ஒன்றுமே மிஞ்சாது. ஆகவே ஒரு குழாய்வழியை மதிப்பிட வேண்டும் என்றால் கடைக்கோடி வீட்டில்தான் தொடங்க வேண்டும். அங்கே சரியாக இருந்தால் மற்ற இடங்களிலும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

தரத்துக்கும் இதே விதிதான். தொட்டியில் போட்ட குளோரின், குழாய்ச் சுவரிலும் அழுக்கிலும் செலவாகிக்கொண்டே வரும். கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியக் குடிநீர்த் தரநிலை. குளோரோஸ்கோப் என்ற சிறு பெட்டியில் நீரைப் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும். இப்போது பல இடங்களில் பயன்படுத்தும் மாத்திரையில் இளஞ்சிவப்பு வரும். நிறத்தின் அடர்த்தியைப் பக்கத்து அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அளவு தெரிந்துவிடும். நிறமே வரவில்லை என்றால், போதிய குளோரின் போடவில்லை அல்லது வழியில் எங்கோ சாக்கடை கலக்கிறது. விட்டு விட்டு நீர் வரும் ஊர்களில் இரண்டாவது காரணம் அடிக்கடி உண்மையாகிறது. வால்வை மூடியதும் குழாய் காலியாகி உள்ளே அழுத்தம் குறைகிறது. விரிசல் வழியாக வெளியே தேங்கிய கழிவுநீரை அது உள்ளிழுத்துக்கொள்கிறது. வீட்டுக் குழாயில் மோட்டார் வைப்பவர்களும் தெரியாமல் இதைத்தான் செய்கிறார்கள்.

மலக்கிருமிச் சோதனைக்கு ஓர் எளிய வழியை மஞ்சா, மௌரியா, ராவ் ஆகிய இந்திய ஆய்வாளர்கள் 1982இல் வெளியிட்டார்கள். மருந்து தோய்த்த தாள் உள்ள சிறு குப்பியில் நீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கலப்போடு சேர்ந்து வரும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்கும். நீர் கறுத்துவிடும். ஆய்வுக்கூடச் சோதனை அளவுக்குத் துல்லியம் இல்லை. ஆனால் ஊர்க்கூட்டத்தில் மேசைமேல் ஒரு கறுத்த குப்பியை வைத்தால், பத்துப் பக்க அறிக்கைக்கு வராத கவனம் அதற்கு வரும். அளவீட்டின் பயன் அதிகாரிக்கு மட்டும் உரியது அல்ல என்பதால் இந்தக் குப்பிகளை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கிருமி குப்பியில் தெரிந்துவிடும். கண்ணுக்கும் நாக்குக்கும் படாத ஃப்ளூரைடு வேறு கதை. இந்தியாவில் ஃப்ளூரைடு நோய் முதன்முதலாக மருத்துவ ஏட்டில் பதிவானது 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில். ஷார்ட்டும் அவருடைய சகாக்களும் எழுதிய கட்டுரை அது. பல்லில் பழுப்புக் கறை, பிறகு விறைத்துப்போன மூட்டு, வளைந்த முதுகெலும்பு. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்த நோய் பல தலைமுறைகளாக இருக்கிறது. அங்குள்ள கடினப் பாறைகளின் கனிமங்களில் ஃப்ளூரைடு உண்டு. மழைநீர் விரிசல்களில் இறங்கி நீண்ட காலம் பாறையோடு கிடக்கும்போது அது கரைகிறது. நீரில் கால்சியம் மிகுதியாக இருந்தால் ஃப்ளூரைடு அதோடு சேர்ந்து படிந்துவிடும். கால்சியம் குறைந்து, காரத்தன்மையும் சோடியமும் மிகுந்த நீரில் தங்கிவிடும். அதனால் ஆழ்துளைக் கிணறு எவ்வளவு ஆழம், எந்த விரிசலில் இருந்து நீர் வருகிறது என்பதைப் பொறுத்து அளவு மாறும். பக்கத்துப் பக்கத்து ஊர்களில், ஏன், ஒரே ஊரின் இரண்டு கிணறுகளில்கூட லிட்டருக்கு 0.8 மில்லிகிராம் என்றும் 3 மில்லிகிராம் என்றும் வரலாம். இந்தியத் தரநிலையில் விரும்பத்தக்க எல்லை 1. வேறு ஆதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். இங்கே மாவட்டச் சராசரி ஃப்ளூரைடு என்று ஓர் எண்ணைச் சொல்வதில் பொருளே இல்லை. கிணறு கிணறாக எண் வேண்டும்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரி நீரைக் கொண்டுவந்தது. ஜப்பானிய வளர்ச்சி நிறுவனத்தின் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. ஒரு நோயின் காரணத்தைச் சரியாக அடையாளம் கண்டு, அதற்கேற்ற ஆதாரத்தை வெகு தொலைவுக்கும் கொண்டுசேர்த்த திட்டம் என்று இதைச் சொல்லலாம். ஆனால் ஆற்றுநீர் வந்துவிட்டதால் மதிப்பீடு முடிந்துவிட்டது என்று கருதக் கூடாது. வரவேண்டிய அளவு வராத நாளில் ஊராட்சி பழைய ஆழ்துளைக் கிணற்றை இயக்கி அதே தொட்டியில் ஏற்றுகிறதா? சமையலுக்கு எந்த நீர், குடிக்க எந்த நீர், பள்ளியில் எந்த நீர்? ஆதாரம் என்ற கட்டத்தில் "காவிரி" என்று எழுதிவிட்டால் இந்தக் கேள்விகள் எல்லாம் மறைந்துவிடும்.

அளக்கும் காலமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை முடிந்த தை மாதத்தில் கணக்கெடுத்தால் ஏறக்குறைய எல்லாக் கிணற்றிலும் நீர் இருக்கும். கத்திரி வெயிலில் எடுத்தால்தான் எது தாங்கும், எது தாங்காது என்று தெரியும். வருடத்துக்கு ஒரே ஒரு முறைதான் அளக்க முடியும் என்றால் அது மே மாதமாக இருக்கட்டும். மாசுக்கலப்பைப் பார்க்க வேண்டுமானால் மழை தொடங்கிய முதல் வாரங்கள் சரியான நேரம், ஏனென்றால் தரையில் கிடந்த அத்தனையும் அப்போதுதான் கிணற்றுக்குள் இறங்குகிறது.

வீடு வீடாகப் பார்க்க ஆள் எங்கே, பணம் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று 707 மாவட்டங்களில் ஆறு லட்சத்து முப்பத்தாறாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களைச் சந்தித்தது. மாவட்டத்துக்குச் சராசரியாக 900 குடும்பங்கள். ஓர் இடத்துக்கு 22 வீடு என்ற கணக்கில், ஒரு மாவட்டத்தில் சுமார் 40 இடங்களைத்தான் அது தொடுகிறது. மாவட்டத்துக்கு ஒரு நிலையை நம்பிச் சொல்ல இது போதும். எந்த ஊராட்சிக்கு முதலில் பணம் கொடுப்பது என்று சொல்ல இது போதாது. அந்த ஆய்வு அதற்காகச் செய்யப்பட்டதும் அல்ல.

இடைவெளியை நிரப்ப, தொழிற்சாலையில் இருந்து வந்த ஒரு புள்ளியியல் உத்தி இருக்கிறது. 1920களில் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் டாட்ஜ், ரோமிக் என்ற இருவர், ஒரு சரக்குக் குவியலை முழுதும் சோதிக்காமல் சில பொருள்களை மட்டும் எடுத்துப் பார்த்து ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்யும் முறையை வகுத்தார்கள். பின்னர் பொதுச் சுகாதாரத் துறை அதை எடுத்துக்கொண்டது. ஒரு பகுதிக்குக் குலுக்கல் முறையில் 19 வீடுகள். 80 விழுக்காடு வீடுகளுக்குச் சேவை கிடைக்க வேண்டும் என்பது இலக்கு என்றால், 19இல் 13 வீடாவது தேற வேண்டும். 12 அல்லது அதற்குக் கீழே வந்தால் அந்தப் பகுதிக்குக் கவனம் தேவை. 19இல் 80 விழுக்காடு என்றால் 15 அல்லவா, 13 ஏன் என்று தோன்றும். குலுக்கலில் நேரும் தற்செயலுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். உண்மையிலேயே 80 விழுக்காட்டை எட்டிய பகுதியைத் தவறாகப் பின்தங்கியது என்று சொல்லிவிடும் வாய்ப்பும், 50 விழுக்காட்டிலேயே நிற்கும் பகுதியைத் தவறாகத் தேறியது என்று சொல்லிவிடும் வாய்ப்பும் இந்த விதியில் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. சரியான விழுக்காடு இதில் கிடைக்காது. எங்கே முதலில் போக வேண்டும் என்பது கிடைக்கும், திட்டமிட அதுதான் வேண்டும். சுயஉதவிக் குழுப் பெண்கள் ஓர் ஊராட்சியை ஒரே நாளில் இப்படிப் பார்த்துவிடலாம்.

ஆனால் பகுதியை எப்படிப் பிரிக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். ஊரையும் பட்டியலின மக்கள் வாழும் காலனியையும் ஒரே பகுதியாக்கிக் குலுக்கினால் காலனி மறைந்துபோகும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியலின மக்கள் குடிநீர் பெறும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலந்திருந்தது தெரியவந்து தமிழகமே அதிர்ந்தது. தொட்டி இருந்தது, குழாய் இருந்தது, எந்தக் கணக்கெடுப்பிலும் அந்த இடம் சேவை பெற்றதாகவே இருந்திருக்கும். யாருடைய தொட்டி, அதற்கு யார் காவல், முதலில் எந்தத் தெருவுக்கு வால்வு திறக்கிறது, தகராறு வந்தால் யார் குழாய் அடைபடுகிறது? இந்தக் கேள்விகளைக் கேட்காத மதிப்பீடு தமிழகத்துக்குப் பொருந்தாது. காலனிக்குத் தனி 19 வீடு எடுப்பது சலுகை ஆகாது. அளவீடு சரியாக இருக்க வேண்டும் என்றால் அப்படித்தான் எடுத்தாக வேண்டும்.

கழிப்பறைக்கு வருவோம். வீட்டில் கழிப்பறை இருக்கிறது, பயன்படுத்துகிறார்கள். அதோடு கேள்வி முடியவில்லை. மலம் எங்கே போகிறது? இரட்டைக் குழிக் கழிப்பறையில் ஒரு குழி நிரம்பியதும் மற்றொன்றுக்குத் திருப்பிவிட்டு, முதல் குழியை ஓரிரு ஆண்டு மூடி வைத்தால் அது மட்கி எருவாகும். கையால் எடுத்தாலும் தீங்கில்லை. ஒரே குழியோ செப்டிக் டேங்கோ என்றால் லாரி வைத்து உறிஞ்ச வேண்டும். உறிஞ்சிய லாரி எங்கே கொட்டுகிறது? ஏரிக்கரையிலா, வயலிலா, சுத்திகரிப்பு நிலையத்திலா? பல வீடுகளில் செப்டிக் டேங்கின் வெளிக்குழாய் நேரே தெருச் சாக்கடைக்குப் போகிறது. கழிப்பறையில் இருந்து கடைசி இடம் வரை மலத்தின் வழியைத் தொடர்ந்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பங்கு பாதுகாப்பாகப் போகிறது, எத்தனை பங்கு நழுவுகிறது என்று வரையும் ஓட்டப்படம் இப்போது உலகெங்கும் நகரங்களில் பயன்படுகிறது. தமிழ்நாடு 2014இல் செப்டிக் டேங்க் கழிவு மேலாண்மைக்கு நெறிமுறை வெளியிட்டது. 2017இல் கருங்குழி பேரூராட்சியில் மாநிலத்தின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. அப்படி ஒரு நிலையம் எட்டும் தூரத்தில் இல்லாத ஊராட்சிகளில், கட்டிய ஒவ்வொரு செப்டிக் டேங்கும் சில ஆண்டுகள் தள்ளிப்போட்ட திறந்தவெளிக் கழிவுதான்.

இந்தக் கேள்விகளோடு இன்னொன்றையும் விடாமல் கேட்க வேண்டும்: குழியை யார் சுத்தம் செய்கிறார்? கையால் மலம் அள்ளும் பணிக்கு மனிதரை அமர்த்துவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அதன் பிறகும் செப்டிக் டேங்கில் இறங்கியவர்கள் நச்சுவாயுவில் சாகிறார்கள். நம் மாவட்டத்தில் எத்தனை உறிஞ்சு லாரி, எத்தனை செப்டிக் டேங்க், இரண்டுக்கும் கணக்குப் பொருந்துகிறதா? பொருந்தவில்லை என்றால் மீதி வேலையை ஒரு மனிதர் செய்கிறார் என்று அர்த்தம். அவரைத் தேடிப் பிடித்துப் பாதுகாப்பதும் மதிப்பீட்டின் வேலை.

கை கழுவுவதைப் பற்றி நேராகக் கேட்டால் எல்லோரும் சோப்புப் போட்டுத்தான் கழுவுகிறோம் என்பார்கள். அதனால் நல்ல கணக்கெடுப்பாளர் கேட்பதில்லை. "கை கழுவுற இடத்தைக் காட்டுங்கம்மா" என்று சொல்லிப் பின்னால் போய்ப் பார்க்கிறார். அங்கே நீர் இருக்கிறதா, சோப்பு இருக்கிறதா? இரண்டும் இருந்தால்தான் அடிப்படைச் சேவை. இதே பார்வை பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வேண்டும். வீடுகளை மட்டும் எண்ணினால், பகலில் பாதி நேரம் பிள்ளைகள் இருக்கும் இடமும், பிரசவம் நடக்கும் அறையும் கணக்கில் வராமலே போகும். பெண்கள் கழிப்பறைக்கு உள்ளிருந்து தாழ்ப்பாள் போட முடிகிறதா, மாதவிடாய்த் துணியைப் போட மூடியுள்ள தொட்டி இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் ஆகும்.

அளந்தது எல்லாம் திட்டமாக மாறும் இடம் பணக் கணக்கு. 2008 முதல் 2013 வரை ஆந்திரம் உட்பட நான்கு இடங்களில் நடந்த ஓர் ஆய்வுத் திட்டம், குடிநீர்ச் சேவைக்கு அதன் வாழ்நாள் முழுதும் ஆகும் செலவைக் கணக்கிட்டது. கட்டும் செலவு ஒரு முறை. மின்கட்டணம், ஆபரேட்டர் சம்பளம், குளோரின் ஆகியவை ஆண்டுதோறும். இவை இரண்டும் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது மூன்றாவது: சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும் பெரிய பழுதும் மாற்றும். மத்திய அரசின் பொறியியல் கையேடு, மோட்டாருக்கும் பம்புக்கும் 15 ஆண்டு, பகிர்மானக் குழாய்க்கு 30 ஆண்டு என்று காலம் வைத்து வடிவமைக்கச் சொல்கிறது. அப்படியானால் 2021இல் பொருத்திய மோட்டார் 2036இல் மாற்றப்பட வேண்டும். அந்தப் பணம் எந்தத் தலைப்பில் இருக்கிறது? ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில் அடிபம்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இயங்கவில்லை என்று 2009இல் கணக்கிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை கட்டியபோது நல்ல பம்புகள்தாம். உதிரிபாகத்துக்கும் மெக்கானிக்குக்கும் யாரும் திட்டம் போடவில்லை.

இப்போது அளவீடுகளை மேசைமேல் பரப்பினால், ஒரே குறை வெவ்வேறு காரணத்தால் வந்திருப்பது தெரியும். நான்கு ஊர்களில் கடைசி வீட்டுக்கு நீர் இல்லை. ஓர் ஊரில் கிணறு வற்றிவிட்டது, அங்கே புதிய ஆதாரமோ நீர்செறிவோ வேண்டும். ஓர் ஊரில் குழாய் விட்டம் போதவில்லை. ஓர் ஊரில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள், அங்கே வேண்டியது ஊர்க் கட்டுப்பாடு. ஓர் ஊரில் கருகிய மோட்டார் மூன்று மாதமாக அப்படியே கிடக்கிறது, அங்கே வேண்டியது ஒரு மெக்கானிக். நான்கு ஊருக்கும் தலா ஒரு மேல்நிலைத் தொட்டி என்று ஒதுக்கினால் பணம் நான்கு மடங்கு செலவாகும், நீர் எங்கும் வராது. இந்தத் தவறு அடிக்கடி நடப்பதற்குக் காரணம், தொட்டி இல்லை என்பது பட்டியலில் தெரிகிறது, மெக்கானிக் இல்லை என்பது தெரிவதில்லை.

மாவட்டத் திட்டக் குழு என்பதை அரசியல் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது. 1992இல் நிறைவேறிய 74ஆவது திருத்தத்தின்படி, அதன் உறுப்பினரில் ஐந்தில் நான்கு பங்கினராவது உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். பதினோராவது அட்டவணையின் 29 பொருள்களில் குடிநீரும் சுகாதாரமும் உண்டு. 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை ஊரக உள்ளாட்சிகளுக்கு அளித்த மானியத்தில் 60 விழுக்காட்டை, பாதி குடிநீருக்கும் பாதி துப்புரவுக்கும் என்று கட்டிவைத்தது. சட்டமும் வழியும் உண்டு, ஓரளவு பணமும் உண்டு. ஊராட்சி ஊராட்சியாக நம்பத்தகுந்த அளவீடுதான் இல்லை.

அதைத் தொடங்கி வைக்க யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. தமிழகத்தில் கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது, அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அடுத்த சபைக்குப் போகும் முன்பு உங்கள் ஊரின் கடைசி வீட்டுக் குழாயில் ஒரு குடம் நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஊரில் கடைசியாக நீர்மாதிரி எடுத்த தேதியையும் அதன் முடிவையும், காலனிக்கும் பள்ளிக்கும் தனித்தனியாக, சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் குறிப்பும் சபையின் தீர்மானப் புத்தகத்தில் ஏறும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.